வேம்பு விழுங்கிய இரும்பு

போன சனிக்கிழமை காலை எங்கள் வளவுக்குள் ஒரு விண்வெளி வீரர் வந்து இறங்கினார் – ஆட்டோவில்.

தலையில் ஹெல்மெட். முகத்துக்கு முன்னால் கம்பி வலை. காதுகளில் சிரட்டை அளவில் இரண்டு மூடிகள். உள்ளே மெத்தை வைத்துத் தைத்தது போல ஒரு காற்சட்டை. எங்கள் ஊர் மருதனார்மடத்து வெயிலில் இத்தனையையும் போட்டுக்கொண்டு ஒருவர் படலையைத் திறந்தால் எங்கள் நாய் என்ன செய்ய வேண்டும்? குரைக்க வேண்டும். அது நேரே உள்ளே போய்க் கட்டிலுக்குக் கீழே படுத்துக்கொண்டது. எங்கள் வீட்டில் அதற்குத்தான் கொஞ்சம் உலக அனுபவம்.

கம்பி வலையைத் தூக்கினால்... உள்ளே தயாபரன்!

உடுப்பிட்டிக்காரன். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவன். வங்கி வேலையில் முன்கூட்டியே ஓய்வு வாங்கிவிட்டு இப்போது பொழுது போகாமல் இருக்கிறான். பொழுது போகாத தகப்பனுக்கு சுவிஸில் இருக்கும் மகன் எதை அனுப்பலாம்? ஒரு சாய்வுக் கதிரை அனுப்பலாம். இவனுடைய மகன் அனுப்பியது மெசின் வாள். பெற்றோல் குடித்து, பல் வைத்த சங்கிலியைச் சுழற்றி மரம் அறுக்கிற வாள். கூடவே இந்த விண்வெளி உடுப்பும்.

எனக்கும் ஒரு வாள் அவசரமாகத் தேவைப்பட்டது. கார்த்திகை மழையோடு அடித்த காற்றில் எங்கள் பின்வளவு வேம்பு வேரோடு சரிந்துவிட்டது. வீட்டுப் பக்கம் சரிந்திருந்தால் இந்தப் பத்தியை இப்போது வேறு யாராவது எழுதிக்கொண்டிருப்பார்கள். நல்ல காலம், மற்றப் பக்கம் சரிந்து, கிணற்றுக் கட்டில் தலையைச் சாய்த்துக்கொண்டு கிடந்தது. ஊரில் வாள் வைத்திருக்கிற அத்தனை பேரையும் கேட்டாயிற்று. அந்தக் காற்று எல்லா வளவுக்குள்ளும் ஒரு மரத்தைப் படுக்கப் போட்டிருந்தது. "வாறன் ஐயா, வாறன்" என்றார்கள். அந்த 'வாறன்' என்ன பொருளில் என்பது உங்களுக்கும் தெரியும்.

தயாபரன் வந்தான். கையில் வாள். கக்கத்தில் அதன் கையேடு.

இந்தப் பக்கத்தைக் கிழமை தவறாமல் வாசிப்பவர்களுக்குத் தெரியும் – எனக்கும் இயந்திரங்களுக்கும் பொருத்தமில்லை. கிரைண்டர் மூடியைக் கூரையில் தேடிய மனிதன் நான். எனவே கையேட்டை நம்புகிற ஒருவன் வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் இவன் நம்பிய அளவு கொஞ்சம் அதிகம். வாளைத் தரையில் வைத்துவிட்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஒரு பக்கம் விடாமல் வாசித்து எனக்கு விளக்கத் தொடங்கினான்.

"மச்சான், நீ உந்தச் சாரத்தோடை கிட்ட வரப்படாது."

"ஏன், சாரத்துக்கு என்ன குறை?"

"தொங்கிற உடுப்பு ஒண்டும் ஆகாது. சங்கிலி பிடிச்சு இழுத்துப்போடும். சாரம் மட்டும் போனாப் பரவாயில்லை."

நான் நாலு அடி பின்னால் நகர்ந்தேன்.

"காதை மூடினா எனக்கு இடி விழுந்தாலும் கேக்காது. ஏதும் எண்டால் பின்னாலை வந்து தோளிலை தட்டிப்போடாதை. நான் திடுக்கிட்டுத் திரும்பினா வாளும் என்னோடை திரும்பும். தூர நிண்டு, நான் காணக்கூடிய மாதிரி முன்னுக்கு வந்து, ரெண்டு கையையும் மேலை தூக்கு. விளங்கிச்சோ?"

விளங்கியது. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்பதை எங்கள் தலைமுறைக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா என்ன?

"இனித்தான் முக்கியமான விசயம். மரத்திலை ஆணி, கம்பி, ஏதும் இரும்பு இருக்கோ?"

"இது வேப்பமரமடா. ஹாட்வெயார் கடை இல்லை."

"பகிடி விடாதை. ஓடுற சங்கிலி இரும்பிலை பட்டால் ஒண்டில் அறும், இல்லாட்டி வாள் துள்ளித் திரும்பும். திரும்பினால் எங்கை வரும் தெரியுமோ?" உறை போட்ட விரலால் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினான். "இஞ்சை."

அதற்குப் பிறகு நான் பகிடி விடவில்லை. இவனுக்கு அந்தக் கழுத்து ஒன்றுதான் இருக்கிறது. அதை இவன் மனைவி முழுசாகத் திருப்பிக் கேட்பாள்.

மரத்தைச் சுற்றி வந்தேன். பட்டை. எறும்பு. ஓர் ஆணித் தலைகூடக் கண்ணில் படவில்லை.

"சண்டைக் காலத்து ஷெல் துண்டு?" என்றான்.

"குசினிக்குப் பின்னாலை ஒருக்கா ஒண்டு விழுந்தது. எல்லாத்தையும் சுவர்தான் வாங்கினது. மரம் தப்பிட்டுது."

"வடிவாத் தெரியுமோ?"

"அண்டைக்கு நான் இஞ்சைதானேடா இருந்தனான்!"

பொய்யில்லை. இங்கேதான் இருந்தேன். நிலத்துக்குள் வெட்டிய பங்கருக்குள், காதைப் பொத்திக்கொண்டு. வெளியே மரத்துக்கு என்ன நடந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்குமா?

"அப்ப உடுப்புக் காயப்போடக் கொடி கட்டின ஆணி?" என்று குசினி வாசலில் இருந்து ஒரு குரல் வந்தது. என் மனைவி மாலினி. "கலியாணம் முடிச்சு வந்த புதிசிலை நான்தானே உங்களைக் கொண்டு அடிப்பிச்சனான். விரலிலை அடிச்சுப்போட்டு, கிழமை முழுக்கச் சோறு குழைச்சுத் தீத்தச் சொன்னியள். மறந்துபோச்சோ?"

தயாபரன் என்னைப் பார்த்தான். வங்கியில் கள்ளக் கையெழுத்தைப் பார்க்கிற பார்வை.

மாலினி வந்து தடவிப் பார்த்தாள். பட்டையில் தொப்புள் மாதிரி ஒரு சின்னக் குழி. ஆணி உள்ளே. மரம் அதை மெல்ல மெல்ல விழுங்கி, வாயையும் மூடிக்கொண்டிருந்தது. அடையாளம் வைக்க வீட்டில் சோக் இல்லை. சாமியறையில் இருந்து குங்குமச் செப்பை எடுத்துவந்து, குழியில் ஒரு பொட்டு வைத்தாள்.

அந்த ஒரு பொட்டோடு எல்லாம் கிளம்பிவிட்டது.

ரேடியோவுக்கு ஏரியல் கட்டிய ஆணி! மின்சாரம் என்பதை நாங்கள் மறந்தே போயிருந்த காலம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் இருந்து வயர் இழுத்து மற்றவர்கள் பாட்டுக் கேட்போம். சுற்றுகிறவன் களைத்தால் பாட்டும் களைக்கும். நல்ல பாட்டுப் போனால் சுற்றுகிறவனுக்கு மரியாதை. செய்தி போனால் அவனுக்கு ஏச்சு – ஏதோ அவன் சுற்றியதால்தான் அந்தச் செய்தி வந்தது போல. ஏரியல் கம்பியை உயர்த்திக் கட்டினால் இரைச்சல் குறையும் என்று யாரோ சொன்னார்கள். கட்டினோம். இரைச்சல் குறைந்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் அந்த இரைச்சலை இப்போது யாராவது போட்டுக் காட்டினால் உட்கார்ந்து கேட்பேன்.

இரண்டாவது பொட்டு.

கரப்பந்தாட்ட வலைக்கு என் அண்ணை இறுக்கிய கொழுக்கி. மூன்றாவது. இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது வேலி இருந்த இடத்தில் வேலி இல்லை. யாரோ விட்டுப்போன முள்ளுக்கம்பியை இந்த மரத்தில் ஒரு முனை அடித்து இழுத்தார் அப்பா. அந்த 'ப' வடிவ ஆணிகள். நாலாவது, ஐந்தாவது.

"டேய், உன்ரை போர்ட்!" என்று திடீரென்று கத்தினான் தயாபரன்.

மறக்க விரும்பிய விசயம். சோதனை எழுதிவிட்டு வேலையில்லாமல் இருந்தபோது 'ஆங்கில வகுப்புகள் இங்கு நடைபெறும்' என்று தகரத்தில் எழுதி, ஒழுங்கையில் போகிறவர்கள் பார்க்க வேண்டும் என்று இந்த மரத்தில்தான் அறைந்தேன். ஒழுங்கையில் இருந்து பார்த்தால் மரமே தெரியாது என்பதை யோசிக்கவில்லை. மொத்தமாக வந்த மாணவன் ஒருவன். அவனும் உடுப்பிட்டியிலிருந்து சைக்கிள் மிதித்து, அம்மாவின் பனங்காய்ப் பணியாரத்துக்காக வந்தவன். இப்போது ஹெல்மெட்டோடு என் முன்னால் நிற்கிறான்.

"உன்னட்டைப் படிச்ச இங்கிலீசிலைதான் இந்தக் கையேட்டை வாசிக்கிறன். பயமாக் கிடக்கு" என்றான்.

இப்படியே வேம்பு முழுக்கப் பொட்டு. பக்கத்து வீட்டு ராணியக்கா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். ஒரு கணம்தான். செருப்பைக் கழற்றினார். கையைக் கூப்பினார்.

"எனக்கு அப்பவே தெரியும் தம்பி, உது வைரவர் இருந்த மரம் எண்டு. எப்ப பொங்கல்?"

அவருக்கு விளக்கம் சொல்லி முடிக்கத் தேத்தண்ணி ஆறிவிட்டது. அவர் நம்பினாரா என்பது வேறு விசயம். பிறகு நான் போய்ப் பார்த்தபோது வேரடியில் ஒரு செவ்வரத்தம்பூ இருந்தது.

ஒருவழியாகத் தயாபரன் வாளைத் தரையில் வைத்துக் காலால் மிதித்துக்கொண்டு கயிற்றை இழுத்தான். அது உறுமியது. காதை மூடினான். வலையை இறக்கினான். பொட்டில்லாத இடமாகப் பார்த்து, வேரிலிருந்து நாலைந்து அடி தள்ளி, மரத்தின் முதுகில் வாளை வைக்கப் போனான். நான் சாரத்துக்கு விதிக்கப்பட்ட தூரத்தில் நின்றேன்.

அந்த நேரம் பார்த்து மாலினியின் போனில் வட்ஸ்அப் வீடியோ. கனடாவில் இருந்து அண்ணை. மரம் விழுந்த படத்தை முதல் நாள் குடும்பக் குறூப்பில் போட்டிருந்தேன். அங்கே அவருக்குப் படுக்கப் போகிற நேரம். ஆனால் எங்கள் வளவில் ஒரு மரம் வெட்டுவதென்றால் அவர் பார்க்காமல் படுப்பாரா?

"இஞ்சை பாருங்கோ அத்தான், தயா அண்ணை வெட்டப் போறார்" என்று அண்ணைக்குச் சொல்லிக்கொண்டே மாலினி போனை மரத்துப் பக்கம் திருப்பினாள்.

போனுக்குள் இருந்து ஒரு அலறல்.

"நிப்பாட்டு! உதிலை வெட்ட வேண்டாம்! அதுக்குள்ளை ஷெல் துண்டு கிடக்கு! நிப்பாட்டச் சொல்லு!"

தயாபரனுக்குக் கேட்குமா? இடி விழுந்தாலும் கேட்காது என்று அவனே சொல்லியிருக்கிறான். வாள் பட்டையைத் தொட்டுவிட்டது. மரத்தூள் பறக்கத் தொடங்கிவிட்டது. என் கண்ணுக்குத் தெரிந்தது அவன் கழுத்து மட்டும்.

ஓடினேன். பின்னால் போய்த் தோளைத் தட்டக் கை துடித்தது. தட்டவில்லை – கையேட்டுக்கு நன்றி. விழுந்து கிடந்த கொப்புகளைத் தாண்டி, முன்பக்கம் போய், அவன் காணக்கூடிய இடத்தில் நின்று இரண்டு கையையும் மேலே தூக்கினேன்.

சாரம் கீழே போனது.

எந்தக் கையால் பிடிப்பது? ஒரு கையை இறக்கினால் அது சைகை ஆகாது. தூக்கிய கையோடு அப்படியே நின்றேன். உள்ளே காற்சட்டை இருந்தது என்பதை ராணியக்காவின் நிம்மதிக்காக இங்கே எழுதி வைக்கிறேன்.

தயாபரன் கண்டான். வாள் நின்றது.

காது மூடியைக் கழற்றி, "என்னடா கூத்து இது?" என்றான். மாலினி போனை அவனிடம் நீட்டினாள். அண்ணை இரண்டாம் தரம் சொன்னதைக் கேட்டுவிட்டு, ஹெல்மெட்டையும் கழற்றி, கிணற்றுக் கட்டில் குந்தினான். தண்ணீர் கேட்டான். வாள் ஒரு விரல் ஆழத்துக்குப் போயிருந்தது.

"அண்ணை, குசினிக்குப் பின்னாலை விழுந்த அந்த ஷெல்லோ?" என்று கேட்டேன்.

"ஓம். அண்டைக்கு நான் பங்கருக்குள்ளை இருக்கேல்லை."

"கக்கூசுக்கெல்லோ போனனீங்கள்?"

"அம்மாட்டை அப்பிடித்தான் சொன்னனான்." பின்னால் ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "வேம்புக்குப் பின்னாலை நிண்டனான். அப்பாவின்ரை குறைச் சுருட்டு ஒண்டு கையிலை."

"சுருட்டோ?" படத்தில் தெரியாத இடத்தில் இருந்து அண்ணியின் குரல். "கையாலையே தொட்டதில்லை எண்டு என்னட்டைச் சத்தியம் பண்ணினது ஆர்?"

"பத்தேல்லையப்பா! நெருப்புக்குச்சி நனைஞ்சு போச்சு." பிறகு எங்களிடம் திரும்பினார். "முதுகை மரத்திலை சாய்ச்சுக்கொண்டு நிண்டனான். சத்தம் கேட்டுது. அதோடை ஆரோ முதுகிலை குத்தின மாதிரி ஒரு இடி. மரந்தான் இடிச்சது. சுத்தி வந்து பாத்தால், மற்றப் பக்கப் பட்டையிலை ஒரு ஓட்டை... புகைஞ்சுகொண்டு கிடக்கு. நேரே என்ரை நெஞ்சளவு."

அண்ணி படத்துக்குள் வந்து அண்ணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏன் அண்ணை இவ்வளவு காலமும் சொல்லேல்லை?"

"சொன்னால், நீ அங்கை நிண்டு என்ன செய்தனீ எண்டு அம்மா கேப்பா."

அம்மா போய்ச் சேர்ந்து எவ்வளவு காலம்! ஆனால் சில பயங்களுக்கு அது தெரிவதில்லை.

இனி அந்த நெஞ்சளவு எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். பட்டை முழுவதும் மூடியிருந்தது. அண்ணை கனடாவில். மரம் படுக்கையில். வேறு வழி? நான் படுத்தேன். சாரத்தை இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொண்டு, கிளம்பிய வேரோடு காலை வைத்து, மரத்துக்குப் பக்கத்தில் ஈரமண்ணில் நீட்டி நிமிர்ந்து படுத்தேன். மாலினி மேலே நின்று போனைப் பிடித்தாள்.

"நான் உன்னிலும் கொஞ்சம் உயரம்" என்றார் அண்ணை. "காலை இன்னும் கீழை வை. உந்த வயித்து வண்டியை எக்கு. நெஞ்சு எங்கை எண்டு தெரியேல்லை."

அப்போதுதான் தயாபரனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. "அண்டைக்கு மரம் இதிலை அரைவாசிதானே? மரம் வளர வளரத் துண்டும் மேலை போயிருக்கும். இப்ப ரெண்டு மடங்கு உயரத்திலை நிக்கும்."

நானும் தலையை ஆட்டினேன். நியாயமாகத்தான் பட்டது. இருவரும் விகிதக் கணக்குப் போடத் தொடங்கினோம் – நான் படுத்தபடியே.

"என்ரை கொடி ஆணி இவ்வளவு காலமும் கைக்கெட்டின உயரத்திலைதானே நிண்டது?" என்றாள் மாலினி. "அதை மேலை போகாமல் ஆர் பிடிச்சு வைச்சிருந்தது?"

இரண்டு படித்த மனிதர்களும் கணக்கைப் பாதியில் விட்டார்கள். மரம் நுனியில் வளர்கிறது. அடியில் பருக்கிறது. அடித்த ஆணி அடித்த உயரத்திலேயே நிற்கும்.

என் நெஞ்சுக்குக் கொஞ்சம் மேலே, பட்டையில் ஒரு சுருக்கு. பழைய காயத்தைத் தைத்த மாதிரி. தயாபரனின் வாள் போட்ட கீறல் அந்தச் சுருக்கை நேரே வெட்டிப் போயிருந்தது. மாலினி அதற்கும் ஒரு பொட்டு வைத்தாள். அதுதான் பெரிய பொட்டு.

பிறகு தயாபரன் எல்லாவற்றையும் மறுபடி போட்டுக்கொண்டான். அந்தச் சுருக்குக்குக் கீழே ஒரு முழம் தள்ளி ஒரு வெட்டு. மேலே ஒரு முழம் தள்ளி ஒரு வெட்டு. நான் சாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். துண்டு கழன்று விழுந்தபோது அதன் முகத்தைப் பார்த்தோம். செம்மண்ணிற மரத்துக்கு நடுவே, மை சிந்தியது போலக் கறுப்பாக ஓர் ஓட்டம். உள்ளே இரும்பு இருந்தால் மரம் இப்படிக் கறுக்கும் என்றான் தயாபரன். முப்பது வருடமாக அந்தத் துண்டு உள்ளே இருந்து கசிந்துகொண்டே இருந்திருக்கிறது.

அண்ணை அதைப் பார்த்தார். கனநேரம் பார்த்தார். "சரி, நான் படுக்கப்போறன்" என்றார். ஆனால் போனை வைக்கவில்லை.

கையேட்டில் இது ஒரே ஒரு வரி. 'அறுக்க முன் மரத்தில் ஆணி, கம்பி உள்ளதா எனப் பார்க்கவும்.' எழுதியவர் நல்லவர்தான். அவருடைய ஊரில் மரத்தைப் பார்த்தால் போதும் போலிருக்கிறது. எங்கள் ஊரில் பார்த்தால் போதாது. வீட்டில் உள்ளவர்களைக் கூட்ட வேண்டும். வெளிநாட்டில் உள்ளவர்களை எழுப்ப வேண்டும். அம்மாவுக்குப் பயந்து ஒளித்த கதைகளையும் வெளியே எடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கயிற்றை இழுக்கலாம். உங்கள் வளவிலும் ஒரு பழைய மரம் சரிந்து கிடந்தால், வாள்காரருக்குப் போன் போட முதல் உங்கள் அண்ணைக்குப் போடுங்கள்.

மற்றத் துண்டுகள் விறகாகிவிட்டன. அந்த ஒன்றை என்ன செய்வது? கிணற்றடியிலேயே கிடந்தது. செவ்வாய்க்கிழமை அண்ணி தனியாக அழைத்தார். அண்ணை வேலைக்குப் போன பிறகு. சுருட்டுக் கதையை இன்னும் கொஞ்சம் விசாரிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"தம்பி... அந்தத் துண்டு?"

"கிடக்கு அண்ணி. வெளியிலை."

"மழையிலை விடாதையுங்கோ. உள்ளுக்கை எடுத்து வையுங்கோ." குரல் கொஞ்சம் இறங்கியது. "நான் சொன்னனான் எண்டு இவருக்குச் சொல்ல வேண்டாம்."

நானும் தயாபரனும் உருட்டிக்கொண்டு வந்து விறாந்தையில் நிமிர்த்தி வைத்தோம். நாய் அதற்குப் பக்கத்தில்தான் படுக்கிறது. மாலினி குங்குமத்தைத் துடைக்கவில்லை. ராணியக்கா வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுகிறார். அவரைத் திருத்துகிற எண்ணத்தை நானும் விட்டுவிட்டேன்.

யாரும் அதில் குந்தலாம், சாயலாம், தேத்தண்ணிக் கோப்பை வைக்கலாம் – ஆணி மட்டும் அடிக்கக் கூடாது.